இரண்டை அழுத்தவும்

கம்ப்யூட்டர் வேலையா? பையைப் பார்த்ததுமே நினைத்தேன். ஐயோ, எழுந்திருக்காதீர்கள் தம்பி, உட்காருங்கள். உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? ஜன்னல் பக்கம் வேண்டுமானால் மாறிக்கொள்ளுங்கள். தூத்துக்குடி வரைக்குமா? நானும் அங்கேதான். மகளைப் பார்க்கப் போகிறேன்.

ஆனால் உங்கள் ஆட்களில் ஒருத்தன் மேல் எனக்குக் கோபம் உண்டு. கிருபாகரன் என்று பெயர். மதுரையிலிருந்து வந்தான். முதல் நாள் நான் டீ வாங்கிவந்து வைத்தேன். குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து வெந்நீர் குடித்தான். அன்றைக்கே தெரிந்துகொண்டேன், இவன் நல்லதுக்கு வரவில்லை என்று. சிரிக்காதீர்கள். ஒரு மனுஷன் வாங்கிவந்த டீயைத் தொடாதவன் வேறு எதைத்தான் விட்டுவைப்பான்?

அருப்புக்கோட்டையில் எங்கள் சமுதாயச் சங்கம் ஒரு திருமணத் தகவல் மையம் நடத்துகிறது. கல்யாண மண்டபத்துக்கு மேல் மாடியில் ஒரே அறை. தறிக்கூடத்தை மூடியபிறகு நான் அங்கே உதவியாளாகச் சேர்ந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கதவைத் திறப்பேன், கூட்டுவேன், டீ வாங்குவேன். அது இல்லை என் வேலை. என் வேலை ஃபோன்.

ஒரு வரனைப் பதிந்தால் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், வயது, உயரம், படிப்பு, போட்டோ எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். டைப் அடிக்கிற பெண் ஏற்றிவிடும். ஏற்றுவது பெரிசில்லை. ஏற்றியதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பாடு. கல்யாணம் கூடிவந்தால் எவனும் வந்து சொல்ல மாட்டான். நிச்சயம் ஆனாலும் சொல்ல மாட்டான். நடுவில் முறிந்துவிட்டால் என்ன செய்வது, ஜாதகம் அங்கேயே கிடக்கட்டும் என்பான். தாலி கட்டியபிறகு எங்களை மறந்துபோவான். அதனால் நான்தான் ஒவ்வொரு வீடாக ஃபோன் போட்டுக் கேட்கணும்.

செவ்வாய்க்கிழமைதான் போடுவேன். செவ்வாய் அன்று யாரும் பெண் பார்க்கப் போக மாட்டார்கள், பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று நேராகக் கேட்கக் கூடாது. ஆகாத வீடாக இருந்தால் சுருக்கென்று இருக்கும். "நல்ல சேதி உண்டா?" அவ்வளவுதான் கேட்பேன். உண்டு என்றால் பெயரை எடுக்கச் சொல்வேன். "பாத்துக்கிட்டிருக்கோம்" என்றால் விட்டுவிடுவேன். ஃபோனைப் பெண் எடுத்தால், "அப்பாகிட்ட குடும்மா" என்பேன். அப்பாமாரிடம்தான் பேசுவேன். அதுதானே மரியாதை.

எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லவில்லை. திருச்சுழிப் பக்கம் ஒருத்தரிடம் கேட்டேன், நல்ல சேதி உண்டா என்று. "உண்டுங்க, ரெண்டாவது பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கோம், வந்துருங்க" என்றார். அவர் மகள் அதுவரைக்கும் எங்கள் பட்டியலில் கல்யாணம் ஆகாத பெண்ணாகவே இருந்தாள். இருந்தால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

வயது விஷயமும் அப்படித்தான். பதிகிற அன்றைக்கு என்ன வயதோ அதை அடித்துவிடுவோம். அதற்குப் பிறகு அது அப்படியே நிற்கும். வருகிறவர்களுக்கும் தெரியும். இருபத்தேழு என்று போட்டிருந்தால் முப்பது என்று படித்துக்கொள்வார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள். அது ஒரு நாகரிகம்.

என் மகள் விஜயராணிக்கும் இருபத்தேழுதான் போட்டிருந்தது.

கேட்கிறீர்களா தம்பி? தூக்கம் வந்தால் தூங்குங்கள். பந்தல்குடி இப்போதுதான் தாண்டுகிறது.

கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. கண் பார்த்து, பவர் எழுதி, லென்ஸ் மாட்டிக் கொடுப்பாள். நான் போட்டிருக்கிறேனே, இது அவள் மாட்டியதுதான். அவள் அம்மா போய்ச் சேர்ந்த வருஷம் பதிவு செய்தேன். அப்போது என்னிடம் செல் கிடையாது, அவள் நம்பரைக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கடை நேரத்தில் கூப்பிடுவார்கள். நிறம் எப்படி, சம்பளம் என்ன, இன்னும் ஏன் அமையவில்லை என்று அவளிடமே கேட்பார்கள். பெண்தான் பேசுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதே. "அப்பா சாயந்திரம் பேசுவாங்க" என்று சொல்லிவிடுவாள். பொறுமைசாலி.

எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்று தட்டிப்போகும், இன்னொன்றும் தட்டிப்போகும். பழைய பதிவு என்றால் பட்டியலில் கீழே போய்விடும் பாருங்கள், யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆடிக்கும் டைப் பெண்ணிடம் சொல்லி, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, புதுப் பதிவாகப் போட வைத்தேன். விஜயராணி, இருபத்தேழு, எப்போதும் முதல் பக்கத்தில் இருப்பாள். உள்ளே இருக்கிறவன் சொந்த மகளுக்கு இதுகூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

ஒருநாள் கடையிலிருந்து வந்து ஒரு வேடிக்கை சொன்னாள். ஒரு அம்மா படிக்கிற கண்ணாடி மாற்ற வந்திருக்கிறது. புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரிகிறதா, எதையாவது படித்துப் பாருங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா பைக்குள்ளிருந்து எங்கள் சங்கப் பட்டியலை எடுத்திருக்கிறது. மகனுக்குப் பார்க்கிறதாம். முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்ததாம். "விஜயராணி, இருபத்தேழு, பூரம்... அட, இந்தப் பொண்ணு என் பழைய கண்ணாடிக்கும் இருந்துச்சே!" போட்டோ சின்னதாக இருக்கும், எதிரே நிற்பது யார் என்று தெரியவில்லை. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கண்ணாடி சரியாத்தான் இருக்கும்மா" என்றாளாம்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் கிருபாகரன் வந்தான். சங்கச் செயலாளர் வெள்ளைச்சாமி கூட்டிவந்தார். பட்டியல் முழுக்கக் குப்பை, ஃபோன் போட்டால் பாதிப் பேருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, சங்கத்துக்குக் கேவலம் என்று யாரோ பொதுக்குழுவில் பேசிவிட்டார்களாம். யார் பேசியது என்று எனக்குத் தெரியும். அதை விடுங்கள்.

அவன் ஒரு வாரம் உட்கார்ந்து எதையோ செய்தான். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னான். "ஐயா, நீங்க செவ்வாய்க்கிழமை செய்யறதை இனி இதுவே செய்யும். எல்லா நம்பருக்கும் தானா ஃபோன் போடும். பதிவு இருக்கணுமா எடுக்கணுமான்னு கேட்கும். பிறந்த தேதியைப் பார்த்து வயசை ஏத்திக்கும். ஒரே ஆளு ரெண்டு தடவை இருந்தா ஒண்ணாச் சேர்த்துரும். மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். ஆளே உட்கார வேண்டாம்."

ஆளே உட்கார வேண்டாம். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்கிறான்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மண்டபத்தில் எல்லாரும் கூடுவார்கள். பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவோம், வருகிறவர்கள் கையிலும் கொடுப்போம். அந்த ஞாயிறு ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல். "எம் பொண்ணுக்கு எவன்யா முப்பத்திமூணு போட்டது?" என்று ஒருத்தர் சட்டையை மடித்துக்கொண்டு வருகிறார். "ஒரே ராத்திரியில ஊர்ப் பொண்ணுக அம்புட்டுப் பேருக்கும் வயசை ஏத்திட்டானே, வெளங்குவானா?" என்று ஒரு அம்மா மாரில் அடித்துக்கொள்கிறது. வெள்ளைச்சாமி மைக்கைப் பிடித்து, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அமைதியா இருங்க" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அதான்யா கம்ப்ளெயிண்ட்டே!"

நான் சுவரைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ரொம்பத் தள்ளி, அடியில் இருந்தாள். விஜயராணி, முப்பத்தாறு.

தம்பி, எனக்கு அவள் பிறந்த வருஷம் தெரியாதா? தெரியும். ஆனால் அப்படி ஒட்டிப் பார்த்தது இல்லை. பேனாவை எடுத்து முப்பத்தாறை அடித்து இருபத்தேழு என்று எழுதினேன். ஒரு தாளில் திருத்தினேன். மற்ற தாள்கள் எல்லாம் ஜனங்கள் கையில் போய்விட்டன.

மறுநாள் அவனிடம் கேட்டேன், அவளை ஏன் கீழே தள்ளினாய் என்று. வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் சொல்கிறான்: "ஐயா, உங்க பொண்ணு ஒரே ஆளு, ஆனா பட்டியல்ல ஒரு கபடி டீமே இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து ஒண்ணாக்கியிருக்கு, அவ்வளவுதான்." எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைச்சாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இருக்கட்டும், கீழேயாவது இருக்கிறாளே என்று பொறுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அச்செடுத்துப் பார்க்கிறேன், கீழேயும் இல்லை. எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடினேன். பெயரே இல்லை.

அவன் வருகிற வரைக்கும் படிக்கட்டிலேயே நின்றேன். "எங்கடா எம் பொண்ணு?" என்றேன். அவன் பதறவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். அப்புறம் மெதுவாக, "ஐயா, மெஷின் தானா எடுக்கல. அவங்கதான் எடுத்திருக்காங்க" என்றான்.

"எவங்க?"

"உங்க பொண்ணுதான்யா. ஃபோன் போயிருக்கு. எடுத்துக் கேட்டிருக்காங்க. தொடர ஒன்றை அழுத்தவும், நீக்க இரண்டை அழுத்தவும்னு கேட்கும். ரெண்டை அழுத்தியிருக்காங்க."

"கடையில கூட்டம் இருந்திருக்கும். கை தவறியிருக்கும்."

"கை தவறும்னுதான்யா ரெண்டாவது தடவையும் கேட்க வச்சிருக்கேன். உறுதியா நீக்கலாம்னா மறுபடி இரண்டை அழுத்தவும்னு. மறுபடியும் அழுத்தியிருக்காங்க."

"உன் கை ரெண்டு தடவை தவறுனதே இல்லையாடா?"

"திரும்பச் சேர்க்கணும்னா அவங்க நம்பர்லேருந்து அவங்களே கூப்பிட்டு ஒன்றை அழுத்தினாப் போதும்யா. நம்ம கையில இல்ல."

நம்ம கையில் இல்லையாம். நான் பெற்ற பிள்ளை, என் கையில் இல்லையாம். மேஜை மேல் இருந்த அவன் பிளாஸ்க்கை எடுத்து எறிந்தேன். உள்ளே கண்ணாடி போலிருக்கிறது, சலசலவென்று உடைந்தது. அவன் மேல் எறியவில்லை தம்பி, சுவர் மேல்தான். வெள்ளைச்சாமி ஓடிவந்தார். என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து சொன்னார்: "அண்ணே, ஃபோன் போடுற வேலைதான் இப்ப இல்லையே. நீங்க வீட்டுல ஓய்வா இருங்க. பொங்கலுக்கு வேட்டி சட்டை அனுப்பி வைக்கிறோம்."

அனுப்பினார்கள். நான் கட்டவில்லை. கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்று சாயந்திரம் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அந்த மெஷின் உன் பேரைத் தூக்கிருச்சும்மா. உனக்காகச் சண்டை போட்டேன். வேலையும் போச்சு. பரவாயில்ல, உன் செல்லைக் குடு, ஒன்னை அழுத்துனாப் போதுமாம்" என்றேன்.

அடுப்பை அணைத்தாள். வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, நான்தான் அழுத்தினேன்."

"தெரியாமத்தானே?"

"கடைக்குள்ள சத்தமா இருந்துச்சு. சரியாக் கேட்கணும்னு வாசலுக்குப் போய் நின்னு அழுத்தினேன்ப்பா."

அவளே சொன்னாள். "அது என்கிட்ட கேட்டுச்சுப்பா. இருக்கணுமா, வேண்டாமான்னு. இத்தனை வருஷத்துல..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பாருங்கள் தம்பி. பதிவுபண்ணி வைத்த குரல். அது ஒரு ஆளா? அது கேட்டதாம், இவள் பதில் சொன்னாளாம். இவளைக் கேட்க ஆள் இல்லாமலா போய்விட்டது? நான் ஊரில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஃபோன் போட்டுக் கேட்டவன். சொந்த வீட்டுக்கு யாராவது ஃபோன் போட்டுக் கேட்பார்களா?

"உங்கம்மா இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்று மட்டும் கேட்டேன். "அம்மா இருந்திருந்தா எப்பவோ என் பேரை எடுத்திருப்பாங்க" என்றாள். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். தோசை நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

அடுத்த மாதமே கடைக்காரர் அவளைத் தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றிவிட்டார். இவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று கடையில் ஒரு பையன் சொல்கிறான். அப்படி இருக்காது. கூடவே வாங்கப்பா என்றாள். நான் எப்படி வருவது? வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால், யாராவது வரன் விஷயமாகத் தேடி வந்து திரும்பிப் போய்விட்டால்?

இப்போது நானும் வீடும்தான். பழக்கம் விடுமா? செவ்வாய்க்கிழமை வந்தால் நினைவில் இருக்கிற நம்பர்களுக்குப் போடுவேன். "அதான் மெஷின் கேட்டுச்சே, பதில் சொல்லிட்டோமே" என்பார்கள். ஒன்றிரண்டு பேர் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். அப்புறம் வைத்துவிடுவார்கள்.

அவளும் செவ்வாய்க்கிழமைதான் கூப்பிடுவாள். கடை விடுமுறை. சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, கண்ணாடி அழுத்துதா, எல்லாம் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். கடைசியில் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். "நல்ல சேதி உண்டாம்மா?" அதற்குள் லைன் போய்விடும். தூத்துக்குடியில் டவர் சரியில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில்தான் போகிறது.

எட்டயபுரம் எப்போது வந்து போயிற்று? பேச்சில் தெரியவே இல்லை. காற்றில் உப்பு வாடை வருகிறது பாருங்கள்.

இந்தப் பையில் என்ன என்கிறீர்களா? சேவு. அவளுக்குப் பிடிக்கும். அப்புறம் தலைக்குப் போடுகிற சாயம், நாலு பாக்கெட். ஒவ்வொரு போட்டோவுக்கும் முந்தின நாள் நானே வாங்கிக் கொடுப்பேன். அங்கே போனபிறகு போடுகிறாளோ என்னவோ. இந்தத் தடவை பேசி முடித்துவிடணும். அதிகம் ஒன்றும் இல்லை, ஒரு ஃபோன், ஒரு அழுத்து. பெயர் ஏறிவிட்டால் போதும். கடைசிப் பக்கமாக இருந்தாலும் சரி. முப்பத்தாறோ, இப்போது முப்பத்தேழோ, அவன் போட்டதே இருக்கட்டும். பெயர் இருக்கணும். நான் கண்ணை மூடும்போது எங்கேயாவது ஒரு தாளில் அவள் பெயர் இருக்கணும்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? விஷயம் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். அவள் சமையலறையில் இருக்கும்போது செல் மேஜையில்தான் கிடக்கும். அந்த நம்பரிலிருந்து நானே கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் எடுத்துக்கொள்ளுமா? அழுத்தின விரல் யாருடையது என்று அதற்குத் தெரியுமா?

ஏன் தம்பி பேச மாட்டேன் என்கிறீர்கள்?

சரி, விடுங்கள். பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. வந்து நிற்பதாகச் சொன்னாள். கூட்டமாக இருக்கிறது... அதோ, டீக்கடைப் பக்கம். அது அவளா? முன்னால் முடியெல்லாம் நரைத்திருக்கிறது. அவள்தான். சாயம் போடவில்லை. பக்கத்தில் யாரோ இன்னொரு பெண், கூட வேலை செய்கிறதாக இருக்கும். ஏதோ சொல்கிறது. இவள் சிரிக்கிறாள்.

எத்தனை போட்டோ எடுத்தேன் தம்பி. ஸ்டுடியோக்காரன் சிரிங்க, சிரிங்க என்று தொண்டை வற்றக் கத்துவான். ஒன்றில்கூட இந்த முகம் வந்ததில்லை. இதை மட்டும் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும்.

தம்பி, உங்கள் செல்லில் கேமரா நன்றாக இருக்குமே. இந்த ஜன்னலிலிருந்தே ஒரு போட்டோ எடுங்களேன். சீக்கிரம் எடுங்கள். அவள் என்னைப் பார்ப்பதற்குள்.